கருவிக்குப் புகை ஆகாது

அந்தத் தெருவுக்குள் புதிதாக நுழைகிற யாரும் முதலில் கேட்பது, "என்னங்க, யார் வீட்லயோ ஏதோ கருகுது போல?" என்பதுதான். யார் வீட்டிலும் எதுவும் கருகவில்லை. தெருவுக்குப் பின்னால் ஊரின் குப்பை மலை இருந்தது. அது எந்தக் காலத்தில் எரியத் தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கி எரிகிற நெருப்பு. தழல் வெளியே தெரியாது, புகை மட்டும் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும்.

தெருக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். பழகிவிட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கையாலாகாதவர்கள் என்றால் வருத்தப்படுவார்கள். துவைத்த துணியை வீட்டுக்குள் காயப்போட்டார்கள். இருமலுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அது சீசன் இருமல், இன்னொருவருக்குப் பரம்பரை இருமல். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் தன் இருமலை 'நம்ம இருமல்' என்றே சொல்லுவார், வீட்டில் வளரும் பிராணியைச் சொல்வதுபோல.

டிரைவருக்குப் பக்கத்து வீடு கண்ணாடிக்காரருடையது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். யாராவது கொஞ்சம் அதிகாரமாகப் பேசினால் "சரிங்க" என்று சொல்லிவிடுகிற பிறவி. "சரிங்க" என்ற பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று யோசிப்பார். இவருக்கு நேர் எதிர் அவர் மனைவி. சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள். அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளிருந்து அவள் "டிக்கெட் தீர்ந்துடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னால் வரிசையின் கடைசி ஆள்வரை கேட்கும். கேட்டதோடு வீட்டுக்கும் போய்விடுவான். அப்படிப்பட்ட குரல் இப்போது ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தது.

டாக்டர் மென்று விழுங்கவில்லை. "மருந்து ஒரு பக்கம் உள்ள போகும், புகை இன்னொரு பக்கம் உள்ள போகும். எது ஜெயிக்கும்னு என்னைக் கேக்காதீங்க. ஒண்ணு புகை நிக்கணும், இல்ல நீங்க வீட்டை மாத்தணும். இப்படியே விட்டா இவங்க அடுத்த குளிரைத் தாண்ட மாட்டாங்க."

"டாக்டர், நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றாள் அவள். "கொஞ்சம் மறைவா சொல்லுங்க."

வீட்டை மாற்ற வேண்டும் என்றால் இருப்பதை விற்க வேண்டும். வாங்க வந்தவர் வாசலில் நின்று தும்மி, கூடத்தில் நின்று இருமி, "நல்ல வீடுங்க, ராசியான வீடு" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். ஆக, புகை நிற்க வேண்டும். வேறு வழியில்லை.

கண்ணாடிக்காரர் முதலில் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். அங்கே நிலைய அதிகாரி பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்த வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தழல் தெரியுதா?"

"இல்லைங்க. புகைதான் வருது."

"தழல்னா எங்க வேலை. புகைன்னா வாரியம்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"உங்களுக்கு ஒண்ணு. எங்களுக்கு வேற டிபார்ட்மென்ட்."

"சரிங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

வாரியம் என்பது தூய காற்று மற்றும் நிலைத்த வளர்ச்சி வாரியம். ஊரின் மறுகோடியில், மேட்டின் மேல், குப்பை மலையின் புகை எந்தப் பருவத்திலும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடிப்பிடித்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் தொட்டிச் செடிகள். எல்லாம் பிளாஸ்டிக். தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக அப்படி என்று ஒவ்வொரு தொட்டியிலும் எழுதி ஒட்டியிருந்தது.

காலையில் மணி அடித்ததும் கட்டடமே எழுந்து நின்றது. எல்லோரும் நெஞ்சில் கை வைத்து ஒரு நீண்ட மூச்சை இழுத்து, "வருங்காலத் தலைமுறைக்காக இந்த மூச்சை விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு விட்டார்கள். காத்திருப்போர் பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரரும் எழுந்து இழுத்தார். மூச்சு தங்குதடையில்லாமல் அடிவயிறுவரை போனது. பல வருஷமாக அப்படி ஒரு மூச்சு அவருக்கு வாய்த்ததில்லை. விட மனசில்லாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த ஊழியர், "விடுங்க சார், உறுதிமொழி முடிஞ்சிருச்சு" என்றார்.

அவரை விழிப்புணர்வு அலுவலரிடம் அனுப்பினார்கள். அலுவலர் நல்ல மனிதர். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். யாரையும் கடிந்து பேசமாட்டார், டீயும் பிஸ்கட்டும் கொடுக்காமல் யாரையும் வெறும் வயிற்றோடு ஏமாற்றமாட்டார்.

"குப்பை எரியுதுன்னு சொல்லாதீங்க சார்," என்றார் அலுவலர், டீயை நகர்த்தி வைத்து. "கேக்குறவங்க பயந்துடுவாங்க. கழிவு ஓய்வு மையத்தில் வெப்பச் சலனம். எங்கே, சொல்லுங்க பாப்போம்."

கண்ணாடிக்காரர் சொன்னார்.

"பாத்தீங்களா, இப்பவே பாதிப் பிரச்சினை குறைஞ்ச மாதிரி இல்ல?"

"சரிங்க சார். மீதிப் பாதியை அணைக்கணுமே. என் வீட்டுக்காரிக்கு மூச்சு விட முடியலை. டாக்டர் குளிர் வரைக்கும்தான்னு சொல்லிட்டாரு."

அலுவலர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். உச்சுக் கொட்டினார். பிறகு, விவரம் தெரியாத ஆளுக்கு விளக்குகிற பொறுமையுடன் பேசினார். "அணைக்கிறது பெரிய விஷயமே இல்ல சார். யாரு வேணும்னாலும் அணைச்சுடலாம். ஆனா நாம நிலைத்த வளர்ச்சி. இன்னைக்கே எல்லாத்தையும் அணைச்சுத் தீத்துட்டோம்னா, நாளைக்கு வருங்காலத் தலைமுறைக்கு அணைக்கிறதுக்கு என்ன மிஞ்சும்? அதை யோசிக்கணும்ல? அதனாலதான் ஏழு கட்டமா திட்டம் போட்டிருக்கோம்."

"இப்ப எத்தனாவது கட்டம் சார்?"

"முதல் கட்டத்துக்கு முந்தின கட்டம். ரொம்ப முக்கியமான கட்டம். அதுவும் போக, உங்க பகுதியில காத்து நல்லா இருக்கே? காத்தை அளக்கிற கருவி 'மிக நன்று'ன்னுல்ல காட்டுது?"

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிக நன்றா? தன் மூக்கின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அந்தக் கருவியைப் பாக்கலாமா சார்?" என்று கேட்டார். அலுவலர் பெருமையோடு எழுந்து அவரை மாடிக்கு அழைத்துப் போனார்.

கருவி வாரியத் தலைவரின் அறையில் இருந்தது. குளிரூட்டிய அறை. ஜன்னல்கள் ஈ நுழையாதபடி அடைக்கப்பட்டிருந்தன. மூலையில் ஒரு மெத்தை வைத்த பீடம், அதன் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி, முகப்பில் பச்சை எழுத்தில் 'மிக நன்று'.

"எங்க தெருவோட கருவியா சார் இது?"

"உங்க தெருவோடதுதான். பட்டனுக்கு மேல எழுதியிருக்கு பாருங்க. முதல்ல உங்க தெருவுலதான் கம்பத்துல மாட்டியிருந்தோம். ஒரு வாரம் கூடத் தாங்கலை, மூக்கு முழுக்கக் கரி. வெளிநாட்டுலேருந்து ரிப்பேர் பண்ண வந்தவரு எங்களைத் திட்டாத திட்டு இல்ல. என்னங்க, இவ்வளவு நுட்பமான கருவியை இப்படியா புகையில வெப்பீங்கன்னு கேட்டாரு. எங்களுக்கு ரொம்ப அவமானமாப் போச்சு. கருவிக்குப் புகை ஆகாது சார். அதான் இங்க கொண்டாந்து பத்திரமா வெச்சுட்டோம். வெச்சதிலேருந்து உங்க தெருவுல காத்து என்னமா முன்னேறிருக்கு தெரியுமா?"

"சரிங்க," என்றார் கண்ணாடிக்காரர். படியிறங்கும்போதுதான் எதற்குச் சொன்னோம் என்று யோசித்தார்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவர் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அவளைக் கட்டிலில் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டுத்தான் விட்டது. மூச்சு திரும்பியதும், "ஏங்க, எனக்கும்தானே புகை ஆகாது? என்னையும் அந்த டப்பா பக்கத்துல உக்கார வெக்கச் சொல்லுங்களேன். நான் அதை விட ஒண்ணும் மட்டமில்லையே," என்றாள்.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். அவருக்கோ அதில் கிண்டல் எதுவும் தெரியவில்லை. மறுநாளே போய் அலுவலரிடம் அப்படியே கேட்டுவிட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால் வாரியம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது மட்டுமல்ல, துள்ளிக் குதித்தது. வெளியூர்களிலிருந்து வாரியத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும், "உங்களால் பயனடைந்தவர் யாரையாவது பார்க்க முடியுமா?" என்று கேட்டுத் தொலைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருவரைத் தேடி அலுவலர் செருப்புத் தேய அலைந்து ஓய்ந்திருந்தார். இப்போது பயனாளி தன் காலாலேயே படியேறி வருகிறேன் என்கிறாள். தலைவரின் அறையில், கருவிக்குப் பக்கத்தில், ஒரு சாய்வு நாற்காலி போடப்பட்டது. நாற்காலியின் முதுகில் 'பயனாளி' என்று எழுதிய அட்டை தொங்கியது.

காலையில் கண்ணாடிக்காரர் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். முதல் வாரத்தில் அவள் தூங்கினாள். இரண்டாவது வாரத்தில் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசினாள். அதற்கடுத்து அவளுடைய பழைய குரல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வாரியத் தலைவர் தொலைபேசியில் "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து, "டிக்கெட் தீர்ந்துடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்பாள். தலைவருக்கு அது நகைச்சுவை என்று தெரிந்தது, யாரைப் பற்றிய நகைச்சுவை என்று தெரியவில்லை. அதனால் அவரும் சிரித்தார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அவள் தெருமுனையிலேயே நின்றுகொள்வாள். "கொஞ்சம் இருங்க. உள்ள போறதுக்கு முன்னாடி நல்ல காத்தா கொஞ்சம் அடைச்சுக்கறேன்," என்பாள். அந்த நாட்களில் கண்ணாடிக்காரர் வேலை செய்யும் இடத்தில் பாட்டு முணுமுணுத்தார். பிழைத்துவிடுவாள் என்றே நம்பினார்.

வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தபோது தலைவர் அவளைக் காட்டி ஆற்றிய உரையை வாரியம் அச்சிட்டு வழங்கியது. "சாகக் கிடந்த ஒரு பெண்மணி இன்று நம் கண்முன்னே சுவாசிக்கிறார். இதற்கு இந்த வாரியம் என்ன செய்தது என்று சிலர் கேட்கலாம். எதுவும் செய்யவில்லை! எதுவும் செய்யாமலே இவ்வளவு என்றால், நாம் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!" அரங்கம் அதிரக் கை தட்டினார்கள். அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இந்த ரூம்ல நல்லா இருக்குங்க. ஆனா எங்க தெருவுல இன்னும்—" என்று அவள் தொடங்கியபோது கைதட்டல் இன்னொரு தடவை எழுந்தது. அலுவலர்தான் எழுப்பிவிட்டார். அவர் நல்ல மனிதர், அவளுக்கு மூச்சு வாங்கிவிடக் கூடாதே என்று பார்த்தார்.

விதி அந்தக் குழுவில் ஒரு ஆராய்ச்சியாளர் வடிவில் வந்திருந்தது. அவர் கருவியின் பழைய அளவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தினமும் காலையில் 'மிக நன்று' என்பது 'நன்று' ஆகி, சாயங்காலத்துக்கு மேல் பழையபடி ஏறுகிறதே, ஏன் என்று கேட்டார். அறையே சில்லிட்டது. கருவி அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து ஒரு படிகூட இறங்கியதில்லை என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று பார்த்தார்கள். நாற்காலி போட்ட நாளிலிருந்து.

வாரியம் அன்றைக்குப் போல என்றைக்கும் சுறுசுறுப்பாக இருந்ததில்லை. அவளை அறைக்கு வெளியே அனுப்பினார்கள், கருவி 'மிக நன்று' என்றது. உள்ளே கூப்பிட்டார்கள், 'நன்று' என்றது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. அவள் துணியை முகர்ந்து பார்த்தார்கள். முடியை முகர்ந்து பார்த்தார்கள். ராத்திரி முழுக்கக் குப்பை மலையின் மடியில் படுத்து எழுந்து வருகிறவளின் துணியிலும் முடியிலும் என்ன வாசனை வரும்? இத்தனை வருஷம் வாரியம் வலைபோட்டுத் தேடிய மாசின் மூலம் கடைசியில் கையும் களவுமாகப் பிடிபட்டது.

தலைவர் அவசரக் கூட்டத்தில் தழுதழுத்தார். "காற்றைக் கெடுப்பது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். தொழிற்சாலை என்றார்கள், வண்டி என்றார்கள், குப்பை என்றார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. ஆதாரத்துக்குக் காத்திருந்தோம். இன்று ஆதாரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. செயல்படாத வாரியம் என்று எங்களைச் சொல்கிறவர்கள் கவனிக்கட்டும்: மூலம் தெரிந்த பத்தாவது நிமிடத்தில் நடவடிக்கை!"

நடவடிக்கையை நிறைவேற்றும் பொறுப்பு அலுவலருக்கு வந்தது. அவர் நாற்காலியின் முதுகிலிருந்து அட்டையை மெல்லக் கழற்றினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்ல. கருவிக்கு ஒத்துக்கலை, அவ்வளவுதான்."

அவளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. "துணியை மாத்திக்கறேன் சார். இங்கயே வந்து குளிச்சுட்டு உக்காந்துக்கறேன்."

"விடுற மூச்சுலயும் இருக்குன்னு சொல்றாங்கம்மா."

அந்த வாயாடி, ஒரு கொட்டகையையே வாயாலே கட்டி ஆண்டவள், அலுவலரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சமா விடுறேன் சார். கணக்காத்தான் விடுவேன். வேணும்னா வெளிய போய் விட்டுட்டு வரேன்."

அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் தன் வித்தையையெல்லாம் வீட்டில் காட்டினார். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டார். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் இருந்த இண்டு இடுக்கையெல்லாம் பூசி அடைத்தார். கதவுக்கடியில் ஈரத்துணி திணித்தார். புகை அதற்கெல்லாம் அசருமா? எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்தது. தெருவில் வீடு வீடாகப் போய், எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் வாரியத்தின் வாசலில் உட்காரலாம் என்று கெஞ்சினார். ஐயோ பாவம் என்று சொல்லாதவர்கள் இல்லை. கூட வருகிறேன் என்று சொன்னவர்களும் இல்லை.

டிரைவர் மட்டும் காரணம் சொன்னார். "உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? என் பொண்ணை வாரியத்தோட அந்த ஏழு கட்டத் திட்டத்துல எடுத்திருக்காங்க. புகை நண்பர்னு வேலை. தெனமும் புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துச் சொல்லணும். நல்ல வேலை, வெயில்ல அலைய வேணாம், தொப்பி கூடக் குடுத்திருக்காங்க. நான் போய் அங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்?" சொல்லிவிட்டு இருமினார். "நம்ம இருமல், கண்டுக்காதீங்க."

கடைசி நாட்களில் அவள் படுக்கவே முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தாள். பேச்சு நின்றுவிட்டது. பேசுவதற்குச் செலவாகும் மூச்சை மிச்சப்படுத்தினாள். ஒரு நாள் காலை, கண்ணாடிக்காரர் ஜன்னல் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். குனிந்து காதைக் கொடுத்தார். "எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க," என்றாள். அவர் கையைப் பிடித்தபடியே இருந்தார். குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பாகவே அவள் போய்விட்டாள். டாக்டர் கொடுத்த கெடுவைக்கூட அவளால் எட்ட முடியவில்லை.

அன்றைக்குக் கருவி 'மிக நன்று' என்று காட்டியது. அதற்கு முந்தின பல வாரங்களாகவே அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மூலம் நீங்கிய செய்தியைக் கொண்டாட வேண்டும் என்று வாரியத்தில் ஒரு யோசனை எழுந்தது. அனுதாபக் கூட்டம் நடத்த வேண்டும் என்று அலுவலர் சொன்னார். இரண்டையும் சேர்த்து ஒரே மேடையில் வைத்தால் செலவு மிச்சம், அதுவும் நிலைத்த வளர்ச்சிதான் என்று முடிவானது. மேடையை அந்தத் தெருவிலேயே போட்டார்கள். வாரியத்தின் வரலாற்றில் தலைவர் அந்தத் தெருவுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்காரரை முன்வரிசையில் உட்காரவைத்து, நெஞ்சில் ஒரு பச்சை ரிப்பன் குத்தினார்கள்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அருமைத் தெருவாசிகளே, இந்தத் தெருவின் காற்று கெட்டுவிட்டது என்று ஒரு வதந்தி உலவுகிறது. நான் கேட்கிறேன், காற்றை முகர்ந்து பார்த்து முடிவுக்கு வருவது அறிவுடைமையா? மூக்கு மனிதருக்கு மனிதர் மாறும், கருவி மாறாது. என்னைப் பாருங்கள். நான் இங்கே, உங்களில் ஒருவனாக, இதோ, நெஞ்சு நிறைய—" என்று உறுதிமொழி மூச்சை இழுத்தார்.

இழுத்தவர் இழுத்தபடி நின்றார். கண் பிதுங்கியது. முகம் செங்கல் நிறமானது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு இருமல், ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுக்க. மாலையைக் கழற்றி எறிந்தார். மூக்குக் கண்ணாடியைத் தவறவிட்டார். அலுவலரும் ஊழியர்களும் அவரைத் தாங்கிக்கொண்டு காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி ஏற்றிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் தொலைபேசியை எடுத்துக் கத்துவது, சத்தமில்லாமல், எல்லோருக்கும் தெரிந்தது.

டீ ஆறுவதற்குள் தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. பின்னாலேயே தண்ணீர் லாரிகள். அதற்கும் பின்னால் மண் தள்ளும் இயந்திரங்கள். மலையின் வயிற்றைக் கிளறிக் கிளறித் தண்ணீர் பாய்ச்சினார்கள். மேலே மண்ணைக் கொட்டி மெழுகினார்கள். வெயில் தாழும்போது புகை இல்லை. தெருவில் எல்லோரும் வெளியே வந்து, ஏதோ தொலைத்தவர்கள் மாதிரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். மலைக்குப் பின்னால் இன்னொரு தெரு இருப்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நிலைய அதிகாரியிடம் போனார். அதே அதிகாரி.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒரு பகல் வேலை."

"நான் அன்னைக்கு வந்து கேட்டேனே சார். புகைன்னா வாரியம்னு சொன்னீங்க."

"இப்பவும் அதான் சொல்றேன். வாரியம் கூப்பிட்டுச்சு, வந்தோம். முன்னாடியே கூப்பிட்டிருந்தா முன்னாடியே வந்திருப்போம். வண்டி சும்மாதானே நிக்குது," என்று சொல்லிவிட்டு, ரிப்பனைக் கவனித்து, "உங்களுக்கு எதுக்கு சார் பரிசு?" என்று அன்பாகக் கேட்டார்.

கண்ணாடிக்காரர் வீட்டுப் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. ஒரு பகல் வேலை. காற்று சுத்தமாக இருந்ததால் அழுகைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் விழிப்புணர்வு அலுவலர் தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. படியில் கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"மனசைத் தேத்திக்குங்க சார். உங்ககிட்ட வந்து நிக்கவே சங்கடமா இருக்கு. ஆனா எங்க நிலைமை அப்படி. தலைவர் இருமின வேகத்துல அணைச்சுட்டாங்க. திட்டம் என்ன ஆகும்னு ஒருத்தரும் யோசிக்கலை. ஏழு கட்டம் சார்! இப்பத்தான் முதல் கட்டத்துக்குள்ள காலெடுத்து வெக்கிறோம். நாளைக்குக் காலையில திட்டத்துக்குப் பணம் குடுக்கிறவங்க நேர்ல பாக்க வராங்க. எரியாத மலையைக் காட்டி எதை அணைக்கப் போறோம்னு சொல்றது? திட்டம் போச்சுன்னா எங்க ஆபீஸ்ல மூணு மாடி ஜனம் வேலை போய் வீட்டுக்குப் போகணும். புகை நண்பருங்க எல்லாம் எங்க போவாங்க?"

கண்ணாடிக்காரர் அவரையே பார்த்தார்.

"ரொம்ப வேணாம் சார். ஒரு ஓரமா, லேசா. பேருக்குக் கொஞ்சம் புகைஞ்சா போதும்." அலுவலர் தயங்கினார். "வீட்ல தீப்பெட்டி இருக்குமா? எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் இல்ல. புகை பிடிக்கத் தடை பாருங்க."

"இல்லைங்க," என்றார் கண்ணாடிக்காரர். "அவ போனதுலேருந்து நான் அடுப்புப் பத்த வெக்கலை."

"அடப்பாவமே," என்று அலுவலர் மனமாரச் சொன்னார். "வெளியிலயா சாப்பிடுறீங்க? உடம்பைப் பாத்துக்குங்க."

இதையெல்லாம் தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், யாரும் கேட்காமலே உள்ளே போய்த் தீப்பெட்டியோடு வந்தார். மகளின் தொப்பி வாசல் கொக்கியில் தொங்கியது. மூவரும் மலையடிக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. அலுவலரின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று கைகள் துடித்ததென்னவோ நிஜம். துடித்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

மண் விழாமல் விட்டுப்போன ஒரு ஓரத்தில் காய்ந்த காகிதமும் கந்தலும் கிடந்தன. அலுவலர் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியை உரசினார். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது.

"கையை வெச்சு மறைச்சுக்குங்க சார்," என்று டிரைவர் சொல்லிக்கொடுத்தார். அப்படியும் தழல் நிற்கவில்லை. அவரே போய்க் காற்று வரும் பக்கம் நின்று சட்டையை விரித்துப் பிடித்தார். ஒரு ஆள் மறைப்பு போதவில்லை.

அலுவலர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். குரலில் துளி அதிகாரம் இல்லை. "சார், நீங்களும் கொஞ்சம் இப்படி வந்து நின்னீங்கன்னா நல்லா இருக்கும்."

"சரிங்க," என்றார் கண்ணாடிக்காரர். போய் நின்றார்.

இந்தத் தடவை குச்சி அணையவில்லை.